அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் வேலையின்மை உதவித்தொகை

படையிலிருந்து விடுவிக்கப்பட்டு வேலை கிடைக்காதிருப்போருக்கு அமெரிக்க அரசு குறிப்பிட்ட காலத்துக்கு வழங்கும் உதவித்தொகை. 1944இல் தொடங்கியது. தகுதி யாருக்கு என்பதை அன்று முதல் பெருமளவு தீர்மானித்துவருவது கையில் கொடுத்தனுப்பும் விடுவிப்புச் சான்றிதழ்.

முதல் உலகப்போரிலிருந்து திரும்பியவர்களுக்குக் கிடைத்தது 60 டாலரும் ஊர்போய்ச் சேர வழிச்செலவும்தான். பிற்காலத்தில் தருவதாகச் சொன்ன போனஸ் தொகையை உடனே தரக் கேட்டு, 1932இல் ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு வாஷிங்டனில் அனகோஸ்டியா ஆற்றங்கரையில் குடிசை போட்டுத் தங்கினர். ஜூலை 28 அன்று டக்ளஸ் மக்கார்தர் தலைமையில் ராணுவமே வந்து, கண்ணீர்ப்புகை வீசி விரட்டியது. குடிசைகள் எரிந்தன. அந்தக் கொடுமை மீண்டும் நேரக் கூடாது என்ற எண்ணம் 1944 சட்டத்துக்கு வலுவான தூண்டுதலானது.

அதன் முதல் வரைவை அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஹாரி கோல்மெரி, மேஃப்ளவர் ஹோட்டலின் கடிதத்தாள்களில் கையால் எழுதினார். வேலையின்மைப் பிரிவால் மசோதாவே கவிழப் பார்த்தது. கறுப்பினப் படைவீரருக்கும் அதே தொகை போகும் என்பதைப் பொறுக்காமல் மிசிசிப்பி உறுப்பினர் ஜான் ராங்கின் முட்டுக்கட்டை போட்டார். ஜார்ஜியாவில் இருந்த இன்னொரு உறுப்பினர் ஜான் கிப்சனை இரவோடிரவாகத் தேடிப்பிடித்து, விமானத்தில் வரவழைத்து, அவர் வாக்கால்தான் மசோதாவைக் காப்பாற்றினார்கள். ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

90 நாள் சேவை இருந்தால் வாரம் 20 டாலர், அதிகபட்சம் 52 வாரம். இது ஆட்களைச் சோம்பேறியாக்கிவிடும் என்றவர்களின் பேச்சு பொய்த்தது. ஒதுக்கிய நிதியில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

அநீதி நடைமுறையில் நுழைந்தது. அவமதிப்புடன் நீக்கப்பட்டவர் தவிர மற்ற எல்லோருக்கும் தகுதி உண்டு என்றே சட்டம் சொன்னது. ஆனால் ராணுவ நீதிமன்ற விசாரணை இல்லாமலே நீலத் தாளில் அச்சிட்ட விடுவிப்பைக் கொடுத்துப் பலரை அனுப்பினர். ஓரினச்சேர்க்கையாளர்களும் கறுப்பினத்தவரும் அவர்களில் அளவுக்கு மீறி இருந்தனர். அந்தத் தாளோடு வந்தவர்கள் பலரை முன்னாள் படைவீரர் நிர்வாகம் திருப்பியனுப்பியது. பிட்ஸ்பர்க் கூரியர் இதழ் 1945இல் இதை எதிர்த்து விடாமல் எழுதியது. 1947இல் நீலத் தாள் ஒழிந்தது. தென்மாநிலங்களில் இன்னொரு வழி இருந்தது: அற்பக் கூலி வேலையை மறுத்த கறுப்பினத்தவர், தகுந்த வேலையை மறுத்ததாகக் கணக்கெழுதப்பட்டு உதவியை இழந்தனர்.

கொரியப் போருக்குப் போனவர்களுக்கு 1952 சட்டம் வாரம் 26 டாலரை 26 வாரம் தந்தது. 1958இல் நிரந்தரத் திட்டம் வந்தது. மாநில அலுவலகங்கள் பணம் வழங்கும். செலவு மத்திய அரசுடையது. விண்ணப்பிப்பவர் விடுவிப்புச் சான்றிதழான டிடி-214 படிவத்தைக் காட்ட வேண்டும். அதில் விடுவிப்பு மதிப்புக்குரிய நிபந்தனைகளின் கீழ் என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

1981இல் ரீகன் அரசின் செலவுக் குறைப்பு இவர்களையும் தொட்டது. பணிக்காலத்தை ஒழுங்காக முடித்தும் மறுபடி சேர முன்வராதவர், தானே வேலையை விட்டவராகக் கருதப்பட்டு உதவியை இழந்தார். ஒப்பந்தப்படி உழைத்து முடித்தவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இருக்க முடியாது. மறு ஆண்டே ஓரளவு திருத்தினார்கள்: நான்கு வாரக் காத்திருப்பு, பிறகு 13 வாரம் மட்டும். வளைகுடாப் போர் முடிந்த 1991இல்தான் மற்றத் தொழிலாளர்களுக்குரிய அதே விதிகள் முன்னாள் படைவீரருக்கும் திரும்பக் கிடைத்தன.