‘மறுக்கிறார்’

அப்பாவின் ஈரலில் கோளாறு இருப்பதாக ரத்தப் பரிசோதனை சொன்னது. மருத்துவர் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்: “அங்கிள், எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?”

“குடிக்கிற பழக்கம் இல்லைங்க டாக்டர்.”

“தீபாவளிக்குக்கூட?”

“இல்லைங்க.”

மருத்துவர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் இல்லையென்று தலையாட்டினார். அதன் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தந்த கடிதத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: ‘மது அருந்துவதை மறுக்கிறார்.’ நோயாளி ‘இல்லை’ என்று சொல்வதை இப்படி எழுதுவது மருத்துவர்களின் பொதுவான வழக்கம்தான் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அன்று அதைப் படித்த அப்பாவுக்கு, ஏதோ குற்றம் சாட்டப்பட்டு அதை மறுத்த ஆளைப் போல இருந்தது. நாலு மாதம் கழித்து இன்னொரு மருத்துவர் ஹெப்படைடிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அப்பாவைக் குடிகாரர் என்று நினைத்த அந்த முதல் மருத்துவரும் தமிழர்தான்.

அவர்மேல் கோபம் தணிந்த பிறகு வேறொன்று தோன்றியது. அந்தக் கேள்வியை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இந்த நாட்டில் அதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

1911-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்களின் இறப்பு ஆயிரத்துக்கு 60-ஐத் தாண்டியது. ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டு, காடுகள் வேகவேகமாக அழிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஏன் இப்படிச் சாகிறார்கள் என்று கேட்டால் துரைமார்களிடமும் அதிகாரிகளிடமும் பதில் தயாராக இருந்தது. கப்பலில் வரும்போதே பலவீனமான ஆட்கள், சுத்தம் தெரியாதவர்கள், காசை மிச்சம் பிடித்து வயிற்றைக் காயப்போடுகிறவர்கள், குடிகாரர்கள். காய்ச்சல் என்று லயத்தில் படுத்தவனை டிரசர் வந்து பார்ப்பார். அவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இவனுக்கு என்ன நோய் என்பதை அல்ல. இவன் நடிக்கிறானா இல்லையா என்பதைத்தான்.

அதே காலத்தில் வேறு விதமாகப் பார்த்த மருத்துவர்களும் இருந்தார்கள். கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அவர்களில் ஒருவர். 1901-இல் கிள்ளான் பட்டணத்திலும் புதிதாகத் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போனது. வாட்சன் சதுப்பை வடியவைத்தார், புதரை வெட்டவைத்தார். காய்ச்சல் இறங்கியது. அதே வைத்தியத்தை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது பலிக்கவில்லை. சமவெளியில் மலேரியாவைப் பரப்பிய கொசு நிழலான காட்டுச் சதுப்பில் வளர்வது. மலையில் பரப்பியதோ, வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் வேறு ஒரு கொசு. அங்கே காட்டை வெட்டி ஓடையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததே கொசுவுக்குத் தொட்டில் கட்டியதுபோல் ஆயிற்று. அதனால் அங்கே மண்ணுக்கடியில் குழாய் பதித்துத் தண்ணீரை மறைக்க வேண்டியிருந்தது. ஓடைகளில் எண்ணெய் தெளிக்க வேண்டியிருந்தது. 1911-இல் மலேரியாத் தடுப்பைப் பற்றி அவர் ஒரு புத்தகமே எழுதினார். அதன் பொருள் எளிமையானது. காய்ச்சல் கூலியின் பழக்கத்திலிருந்து வரவில்லை, காட்டை வெட்டிய விதத்திலிருந்து வந்தது.

இரண்டாவது கதை சோற்றைப் பற்றியது. பெரிபெரி நோய் அன்று சீனத் தொழிலாளர்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. இது ஒட்டுநோய், இடத்தில் தங்கும் விஷம் என்று பல மருத்துவர்கள் நம்பினார்கள். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிரேடன், யார் எந்த அரிசி சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது நன்றாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. தமிழர்களிடம் பெரிபெரி அரிதாகவே இருந்தது. 1905-இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் சாப்பிட்டவர்களில் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். அதையும் சேர்த்தேதான் இந்த வரலாற்றை நாம் படிக்க வேண்டும். ஆனாலும், நம் ஆட்களின் பழக்கவழக்கத்தை ஒருவர் முன்முடிவில்லாமல் பார்த்தபோது, அதுவே அவர்களைக் காப்பாற்றியது தெரியவந்தது.

சரி, குடி? அது இல்லவே இல்லை என்று சொன்னால் பொய். கள் நம் குடும்பங்களை அழித்தது. ஆனால் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே, அரசு உரிமத்தோடு இருந்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, அந்தக் கடைகளை மூடு என்பது. பட்டாளம் வந்தது, சூடு நடந்தது, உயிர்கள் போயின. போருக்குப் பிறகு கெடாவில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. 1947-இல் பீடோங் பக்கம் அந்த மறியல் போலீஸ் மோதலில் முடிந்தது. குடிகாரர்கள் என்று ஏட்டில் எழுதப்பட்டவர்களேதான் கடையை மூடச்சொல்லி அடி வாங்கினார்கள். ‘இந்தியன் என்றால் குடிப்பான்’ என்பது மட்டும் நினைவில் நின்றது. இது மறந்துபோயிற்று.

குடிக்கிறீர்களா என்று மருத்துவர் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஈரல் நோய்க்கு அது கேட்க வேண்டிய கேள்விதான். ‘குடிப்பீங்களா?’ என்று கேட்டிருந்தால் அது விசாரணை. ‘எத்தனை வருஷமா?’ என்று கேட்டதில் தீர்ப்பு முதலிலேயே வந்துவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்த பிறகு வேறு பரிசோதனை எதுவும் தேவைப்படவில்லை. தோட்டத்துக்காரன் சுத்தமில்லாதவன் என்று முடிவான பிறகு ஓடைப்பக்கம் போய்ப் பார்க்கத் தேவையில்லாமல் போனதும் இப்படித்தான். அப்பாவுக்கு வீணானது நாலு மாதம். 1911-இல் அதே முன்முடிவுக்கு மனிதர்கள் உயிரையே கொடுத்தார்கள்.

அடுத்த தடவை போனபோது நான் அப்பாவோடு உள்ளே போனேன். “எழுதிக்கோங்க டாக்டர், அப்பா குடிக்கிறதில்லை” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். என்ன எழுதினார் என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை.