இடம்பெயர்ந்த சிற்றாலயம்: லாஸ் வேகாஸ் திருமணக்கூடம் ஒன்றன் வரலாறு

அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்தைச் சட்டப்படி ஏற்றது. மணவிலக்குக் கோருவோர் அங்குத் தங்கியிருக்க வேண்டிய காலத்தையும் அவ்வாண்டே ஆறு வாரமாகக் குறைத்தது. மணம் புரிவோர்க்கோ காத்திருப்பே இல்லை. அண்டை மாநிலமான கலிபோர்னியாவில் 1927 முதல் மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருந்தமையால், ஹாலிவுட் நடிகர்கள் பாலை கடந்து லாஸ் வேகாஸ் வந்தனர். இவ்வூர்த் திருமணக்கூடங்களுக்கு வித்திட்டது பக்தியன்று, சட்டமே எனலாம்.

'லிட்டில் சர்ச் ஆஃப் தி வெஸ்ட்' என்னும் சிறு மரக்கூடம் லாஸ்ட் ஃபிரான்டியர் விடுதியின் ஓர் உறுப்பாக 1940களின் தொடக்கத்தில் எழுந்தது. மேற்குத்திசைக் குடியேறிகளின் சிற்றூர்த் தேவாலயங்களைப் போலச் செய்யப்பட்டது இது. பழமையன்று, பழமையின் வேடம். 1943இல் நடிகை பெட்டி கிரேபிள், இசைக்கலைஞர் ஹாரி ஜேம்ஸ் திருமணம் இங்கு நிகழ்ந்தது. 1964இல் வெளிவந்த 'விவா லாஸ் வேகாஸ்' திரைப்படத்தில் எல்விஸ் பிரெஸ்லியின் திருமணக் காட்சிக்கும் இதுவே களம். மெய்த்திருமணமும் திரைத்திருமணமும் ஒரே கூடத்தின் புகழை வளர்த்தமை கருதத்தக்கது.

1954, 1979, 1996 ஆகிய ஆண்டுகளில் இக்கூடம் இடம் பெயர்க்கப்பட்டது. இடம்பெயர்ந்த கட்டடங்களைத் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேடு பொதுவாக ஏற்பதில்லை. எனினும் 1992இல் இதனை ஏற்றது. அம்முடிவு சரியே என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ஏனெனில், இதனைத் தோற்றுவித்த விடுதியின் வழிவந்த நியூ ஃபிரான்டியரும் 2007இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.