முயல் கூறும் கம்பங்கூழும்: கரிசல் வேட்டைநாய்களின் தீனி வரலாறு

சிப்பிப்பாறைக் குட்டி விற்பவர்களில் பலர் இப்போது குட்டியோடு ஒரு வரலாற்றையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். காட்டு முயலையும் பன்றியையும் பச்சையாகத் தின்று வளர்ந்த வம்சமாம் இது. அதனால் பச்சைக் கறிதான் போட வேண்டுமாம். சென்னையிலோ கோவையிலோ இருந்து வந்து வாங்குகிறவரும் அதை நம்பி, குளிர்பெட்டியில் நாய்க்கென்று ஒரு தட்டை ஒதுக்கிவிடுகிறார். இந்தக் கட்டுரை அந்த வரலாற்றை உரசிப் பார்க்கும் முயற்சி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விருதுநகர்க் கரிசலில் வேட்டைக் கறி நாய்க்குக் கிடைத்தது உணவாக அல்ல, கூலியாக. வயிற்றை நிரப்பியது தானியம்.

நாய்களை முதலில் பிரித்துக்கொள்வோம். சாத்தூர்ப் பக்கத்துச் சிப்பிப்பாறை என்ற ஊரின் பெயரைத் தாங்கிய நாய் மெலிந்த உடலும் நீண்ட முகமும் ஒட்டிய வயிறும் கொண்டது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிற இனம். கன்னி இன நாயும் அதே வார்ப்புதான். ராஜபாளையம் நாய் வேறு ரகம். வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, கனத்த எலும்பு. மலையடிவாரத்தில் பன்றி வேட்டைக்கும் தோப்புக் காவலுக்கும் வளர்ந்தது. ராஜபாளையத்துக்கு 2005 ஜனவரி 9-இல் அஞ்சல் தலை வெளிவந்தது. 2020 ஆகஸ்ட் 30 வானொலி உரையில் பிரதமர் இந்த மூன்று பெயர்களையும் சொன்னார். சிப்பிப்பாறை என்ற பெயர் அதே ஆண்டு மார்ச்சில் இன்னொரு காரணத்துக்காகவும் செய்தித்தாளில் வந்தது: பட்டாசு ஆலை வெடிவிபத்து. ஒரே ஊர்ப் பெயர் ஒரே ஆண்டில் இப்படி இரண்டு செய்திகளில் அடிபட்டதில் இந்த வட்டாரத்தின் இரண்டு வரலாறுகளும் இருக்கின்றன.

பழைய சான்றுகளில் நாய் பிடித்து வருவது நிறைய உண்டு. நாய் தின்பது அரிது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்புக்குப் போகும் பாணனுக்குக் கிடைக்கும் விருந்து, மேட்டு நிலத்து நெல்லின் சோறும் நாய் பிடித்து வந்த உடும்பின் பொரியலும். நாய் கொண்டு வந்தது, விருந்தாளி தின்றான். நாயின் பங்கு என்ன என்று உருத்திரங்கண்ணனார் சொல்லவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று உண்டு. ஆநிரையைக் காத்து மடிந்த வீரனோடு சேர்த்து, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறது. நாய்க்குப் பெயர் வெட்டிக் கல் நட்ட சமூகம், அதற்கு என்ன போட்டது என்பதைக் கல்லில் வெட்டவில்லை. தினமும் நடப்பதை யார் கல்லில் வெட்டுவார்கள்?

ஆகவே தீனியின் வரலாற்றை நிலத்திலிருந்துதான் படிக்க வேண்டும். விருதுநகர் மாவட்டம் 1985-இல் பழைய ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. மேற்கே மலையடிவாரம், மற்றபடி பெரும்பகுதி மானாவாரி, கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் விளைந்த மண். புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைத்துத் தையிலும் மாசியிலும் அறுத்து முடித்தால், அடுத்த விதைப்பு வரை காடு வெட்டவெளி. (இந்தப் பக்கத்தில் 'காடு' என்றால் மரமடர்ந்த வனம் அல்ல, உழுகிற நிலம்.) கண்ணால் துரத்தும் நாய்க்கு அந்த வெட்டவெளிதான் களம். நாலைந்து பேர் இடைவெளி விட்டு வரிசையாக நடந்து புதரைத் தட்டிக்கொண்டே போவார்கள். முயல் கிளம்பும். கயிறு நழுவும். பிறகு நடப்பது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முயல் கிடைத்தால் கூறு போடுவது வழக்கம். ஆளுக்கு ஒரு கூறு. பிடித்த நாயின் சொந்தக்காரருக்குக் கொஞ்சம் கூடுதல். நாய்க்கு அங்கேயே ஈரலிலோ நெஞ்சிலோ ஒரு துண்டு, பிறகு குடல். அந்தத் துண்டு பசிக்காக அல்ல. வாயில் கவ்வியதைக் கிழிக்காமல் ஆள் வரும்வரை பிடித்திருந்ததற்கான ஈடு அது. அதைக் கொடுக்காவிட்டால் அடுத்த முறை நாய் தன் பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பது நாய் விட்ட எவருக்கும் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரிசல் முயல் ஏறத்தாழ 2 கிலோ என்று வைத்துக்கொண்டால், தோலும் குடலும் தலையும் போக மனிதருக்கு மிஞ்சும் கறி ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும். நாலு நாய் போயிருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி விழும். 18 கிலோ எடையுள்ள நாய்க்குச் சும்மா படுத்திருக்கவே நாளுக்கு 600 கலோரிக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். ஓடி உழைக்கிற நாளில் அது இரண்டு மடங்குக்கும் மேல் போகும். கைப்பிடிக் குடல் அதில் எந்த மூலைக்கு? அதுவும் தினமும் முயல் கிடைக்காது. முயல் கறியில் கொழுப்பும் இருக்காது.

மிச்சத்தை அடுப்படி பார்த்துக்கொண்டது. கம்பையோ கேப்பையையோ சோளத்தையோ காய்ச்சிய கூழ், முதல் நாள் நீராகாரம், மோர் இருந்தால் அதில் ஒரு கை. நாய்க்கென்று தனியாக உலை வைத்த வீடு அபூர்வம். வீட்டுக் கூழ்தான், கொஞ்சம் தண்ணியாகக் கரைத்து, வாய் உடைந்த மண்சட்டியிலோ கல்தொட்டியிலோ ஊற்றப்பட்டது. சட்டி காலியானதும் நாய் அதை நக்கி நக்கித் திண்ணையின் ஓரம்வரை தள்ளிக்கொண்டு போகிற சத்தம், அந்த ஊர்களில் வளர்ந்தவர் காதில் இன்னும் இருக்கும். வேட்டைக்குப் போகிற விடியலில் மட்டும் கூழ் கிடையாது. வயிறு காய்ந்தால்தான் கால் ஓடும். திரும்பி வந்து மூச்சு அடங்கியபின் ஊற்றுவார்கள்.

மலையடிவாரத்தை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து ஓரளவு விலக்க வேண்டும். ஒரு பன்றி விழுந்தால் கறி மனிதருக்கும் மிஞ்சும். ராஜபாளையத்துப் பக்கத்து நாய்கள் அத்தகைய நாள்களில் வயிறு முட்டத் தின்றிருக்கும். அதுவும் என்றோ ஒருநாள் சங்கதிதான்.

இந்தப் பழக்கம் கரிசலுக்கு மட்டும் உரியதல்ல. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் பிரபு காஸ்தோன் ஃபேபூஸ் எழுதிய வேட்டை நூல் அரண்மனை நாய்களைப் பற்றியது. அந்த மரபில் கொன்ற மானின் தோலை விரித்து, நறுக்கிய குடலை ரத்தத்தில் ஊறிய ரொட்டியோடு கலந்து நாய்களுக்குப் போடுவார்கள். பிரபுவின் நாய்க்குக்கூட வேட்டையின் பங்கு ரொட்டியோடுதான் வந்தது. 1860 வாக்கில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் விற்கத் தொடங்கிய முதல் நாய் பிஸ்கட்டும் கோதுமை, காய்கறி, மாட்டு ரத்தம் சேர்ந்த கலவையே. பச்சைக் கறியையும் எலும்பையும் மட்டுமே நாயின் இயற்கை உணவாக முன்வைக்கும் இன்றைய இயக்கத்துக்கு வயது குறைவு. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் வெளியிட்ட நூல்தான் அதற்குப் பெரிய உந்துதல்.

கூழ் தின்ற நாய் எப்படி ஓடியது என்று கேட்பது நியாயம். 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு விடையைத் தந்தார்கள்: மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு படிகளில் இருக்கிறது. மனிதனின் தானியத்தோடு சேர்ந்து வாழ்ந்து நாயின் வயிறும் மாறியிருக்கிறது. இன்னொரு ஆய்வு இதைவிட நேரடியானது. 2001-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் கிரேஹவுண்ட் நாய்களுக்குப் புரதத்தைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். அவை சற்று மெதுவாக ஓடின. பனியில் நாள் முழுக்க வண்டி இழுக்கும் நாயின் கதை வேறு. அதற்குக் கொழுப்பும் கறியும் பொருந்தும் என்பதை 1970-களின் அமெரிக்க ஆய்வுகள் காட்டின. நம் நாய் ஒரு நிமிடம் மின்னலாய் ஓடுவது. தசையில் சேர்த்து வைத்த சர்க்கரையைத்தான் அது எரிக்கிறது. கிரேஹவுண்டில் கண்டதைச் சிப்பிப்பாறைக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், கம்பங்கூழை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்ப்பது தவறு என்று சொல்ல இது போதும்.

இனி மாற்றத்துக்கு வருவோம். வேட்டைக் கூறு மூன்று பக்கத்திலிருந்து அறுபட்டது. மூன்றும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை.

முதலில் ஆள். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். 1940-களில் பட்டாசும் சேர்ந்தது. மழை குறைந்த பூமி தொழிலுக்குத் தோதாயிற்று; சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். வேட்டைக்குத் தோதான பங்குனி முதல் ஆடி வரையான மாதங்கள்தான் தீபாவளிச் சரக்குக்கு வேலை நெருக்கும் மாதங்களும். காலை வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது யார் நாயைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போவது?

அடுத்து நிலம். வெடிமருந்து விதிகளின்படி அறைக்கு அறை இடைவெளி விட்டுக் கட்ட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு ஆலையும் பெரும் பரப்பை வளைத்து வேலி போட்டது. வேலிக்கு வெளியே இருந்ததைச் சீமைக் கருவேல் எடுத்துக்கொண்டது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரிசையும் கண்மாய் உள்வாயையும் மூடிய இந்த முள், வேட்டைக்குச் சட்டத்தைவிடப் பெரிய தடை என்று நான் நினைக்கிறேன். முயல் முள்ளுக்குள் புகுந்துவிடும். அந்த வேகத்தில் பின்னால் புகும் நாய் கண்ணை இழக்கும்.

மூன்றாவது சட்டம். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லின் வரையறைக்குள் துரத்துவதும் அடக்கம். நாயை ஏவிவிட்டு, கையில் ஒன்றும் கிடைக்காமல் திரும்பினாலும் குற்றமே. 1991 திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்தது. மேற்கே 1988-இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியானது. சிவராத்திரியை ஒட்டித் தென்மாவட்டங்களில் நடக்கும் பாரி வேட்டைக்கு இப்போது வனத்துறையின் எச்சரிக்கை முன்கூட்டியே வந்துவிடுகிறது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) கருப்பி என்ற நாயை ஊருக்கெல்லாம் அறிமுகப்படுத்தியபோது, அது காட்டிய வேட்டை உலகம் ஏற்கெனவே சட்டத்துக்கு வெளியே நின்றது.

காலியான இடத்தில் வந்தது என்ன? ரேஷன் அரிசி வந்தது, கம்பு போயிற்று. பிராய்லர் கடைகள் வந்தபின் கோழித் தலையும் காலும் குடலும் மலிவாகக் கிடைத்தன. இன்று பச்சைக் கறி தின்னும் கிராமத்து நாய் பெரும்பாலும் தின்பது இதைத்தான். வேட்டைக் கறி என்ற பெயருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சால்மொனெல்லா கிருமி சேர்ந்து வருவது மட்டும் உண்மையான சாத்தியம். வசதியுள்ள வீடுகளில் பாக்கெட் தீனி.

காட்டுக் கறியும் பத்தியமல்ல. முயலின் குடலை ஒட்டிய சவ்வில் பட்டாணி அளவு நீர்க்கட்டிகள் தென்படுவதுண்டு. அவை நாடாப்புழுவின் இளம்பருவம்; பச்சையாகத் தின்ற நாயின் குடலில் புழுவாக வளரும். அன்றைய வேட்டைநாய் இளைத்தே இருந்ததில் ஓட்டத்துக்குப் பாதிப் பங்கு என்றால் புழுவுக்கு மீதிப் பங்கு இருந்திருக்கலாம். வயலில் தானே எலி பிடித்துத் தின்கிற நாய்க்கு, எலிக்கு வைத்த சிங்க் பாஸ்பைடு எமனாகிறது. இவற்றைவிடக் கொடியது அவுட்டுக்காய். பன்றிக்கென்று வெடிமருந்தைத் தீனிக்குள் பொதித்து வைப்பது அது. தமிழகத்தின் மலையடிவாரங்களில் யானைகளே வாய் சிதறிச் செத்திருக்கின்றன. நாய்க்கு அது கறி வாசம் மட்டும்தான். மருந்து இடிப்பதே பிழைப்பான ஒரு வட்டாரத்தில் இதைப் பற்றி நாய் வளர்ப்போர் சத்தமாகப் பேசாதது எனக்கு வியப்பு.

கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. உயரம், நிறம், வால் வளைவு எல்லாம் ஏட்டில் ஏறிவிட்டன. தீனிக்கும் அதே கவனம் வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. கம்பங்கூழில் வளரும் குட்டியையும் பாக்கெட் தீனியில் வளரும் குட்டியையும் பச்சைக் கறியில் வளரும் குட்டியையும் ஓராண்டு எடை போட்டு, ஓட்டிப் பார்த்து, மலம் சோதித்து எழுதி வைக்க அதிகச் செலவாகாது. நாய் விட்ட கடைசித் தலைமுறைக்கு எழுபது எண்பது வயதாகிறது. அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வேலையை அந்த ஆய்வுக்கு முன்பே தொடங்க வேண்டும். அதுவரை, குட்டி வாங்கப் போகிறவர்கள் வம்சக் கதையைக் கேட்டு முடித்தபின் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: இதன் தாய்க்கு நேற்று என்ன ஊற்றினீர்கள்?