விவாகரத்தில் வீடு, கடன், சேமிப்பு: சமரசத் தீர்வில் கவனிக்க வேண்டியவை

கொல்கத்தா: தென்மேற்குக் கொல்கத்தாவின் பெஹாலா போன்ற குடியிருப்புப் பகுதிகளில், நடுத்தரக் குடும்பத்தின் பெரிய சொத்து பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்கிய வீடே. கணவன், மனைவி பிரியும்போது அந்த வீடு யாருக்கு, கடன் யார் பொறுப்பு என்பதே தீராத சிக்கலாகிறது. சமரசத் தீர்வு இதற்கு ஒரு வழி.

கோவா போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, மணவாழ்வில் சேர்ந்த சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் சமரசத்தில், ஒருவர் வீட்டை வைத்துக்கொண்டு மற்றவருக்கு ஈட்டுத் தொகை வழங்குவது போன்ற ஏற்பாடுகளைத் தம்பதியரே வகுக்கலாம்.

குடும்ப நீதிமன்றங்கள் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்கிறது 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு. மண வழக்குகளைச் சமரச மையங்களுக்கு அனுப்புமாறு உச்ச நீதிமன்றம் 2013-இல் வலியுறுத்தியது. சமரசர் தீர்ப்பு வழங்குவதில்லை; அங்கு பேசப்படுபவை ரகசியமானவை. உடன்பாடு எட்டாவிட்டால் வழக்கு மீண்டும் நீதிமன்றத்துக்கே செல்லும்.

முதல் தேவை, முழுமையான கணக்கு. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாக அளிக்க வேண்டும் என 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சம்பளம், வைப்பு நிதி, காப்பீடு, பங்குகள், நகை, தொழில் முதலீடு ஆகியவற்றுக்கான ஆவணங்களைச் சமரசத்திலும் கேட்டுப் பெறலாம். பெண்ணின் சீதனம் அவருக்கே உரியது. அதைப் பங்கீட்டுக் கணக்கில் கலக்கக் கூடாது.

பலர் தவறவிடுவது கடனை. 'தவணையைக் கணவரே கட்டுவார்' என்று உடன்பாட்டில் எழுதினாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடன் பத்திரத்தில் மனைவியின் கையெழுத்தும் இருந்தால், தவணை தவறும்போது அவரிடமும் வங்கி கேட்கும். எனவே வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன் பெயரை நீக்குவது, அல்லது வீட்டை விற்றுக் கடனை அடைப்பது பாதுகாப்பானது. வழக்கில் இடம்பெறாத அசையாச் சொத்து உடன்பாட்டில் சேர்ந்தால் பத்திரப் பதிவும் தேவைப்படலாம்.

தொகை, கடைசித் தேதி, தவறினால் என்ன விளைவு என்பவற்றைத் தெளிவாக எழுதி, நீதிமன்ற ஆணையில் இடம்பெறச் செய்ய வேண்டும்.

அச்சுறுத்தலோ வன்முறையோ உள்ள இடத்தில் சமரசத்துக்கு இசைய வேண்டிய கட்டாயம் இல்லை. பெண்கள் வருமான வரம்பின்றி, சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வழக்கறிஞர் உதவி பெறலாம். கையெழுத்திடும் முன் அந்த ஆலோசனையைப் பெறுவது நல்லது.