நகரசபையின் உதவிப்பணம்: எது எமது உரிமை, எது நகரசபையின் விருப்பம்?

ஜேர்மனியில் குறைந்த வருமானத்தில் வாழும் குடும்பங்களுக்கான உதவிகளில் பெரும்பகுதி நகரசபை அல்லது மாவட்ட நிர்வாகத்தின் கைகளினூடாகவே வருகிறது. முதியவர்களுக்கான அடிப்படைப் பாதுகாப்பு, வாடகை உதவி, பிள்ளைகளின் பாடசாலை மதிய உணவு, மலிவுப் பயணச்சீட்டு, இலவச ஆலோசனை நிலையம் எல்லாம் ஒரே கட்டிடத்தில் இருந்து வருவதாகவே எமக்குத் தெரிகிறது. ஆனால் சட்டத்தின் பார்வையில் இவை இரண்டு வேறு வகைகள். ஒன்று, நகரசபை கொடுத்தே ஆகவேண்டியது. மற்றது, நகரசபை விரும்பினால் கொடுப்பது. இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருந்தால் எங்கே உரிமையோடு கேட்கலாம், எங்கே சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

பிச்சைச்சம்பளம் அல்ல

ஊரில் அரசாங்கம் வறியவர்களுக்குக் கொடுத்த மாதாந்த உதவியைச் சனங்கள் 'பிச்சைச்சம்பளம்' என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல்லோடு வந்த கூச்சம் இங்கும் எம்மை விட்டுப் போகவில்லை. 'சோசலில் இருக்கிறார்' என்பதை இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறோம்.

ஜேர்மனியிலும் ஒரு காலத்தில் அது பிச்சையாகவே இருந்தது. இன்று வுப்பெற்றால் நகரின் பகுதியாக இருக்கும் எல்பர்பெல்டில் 1853 இல் ஒரு முறை கொண்டுவரப்பட்டது. நகரம் சிறு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டத்துக்கும் சம்பளமில்லாத ஒரு பொறுப்பாளர் நியமிக்கப்பட்டார். அவர் தன் பொறுப்பில் இருந்த சில குடும்பங்களின் வீடுகளுக்குப் போய் நிலைமையைப் பார்த்து, உதவி தேவையா என்பதைச் சொல்வார். 'எல்பர்பெல்ட் முறை' என்று பெயர் பெற்ற இதை வேறு பல நகரங்களும் பின்பற்றின. ஆனால் அங்கே ஏழைக்கு உரிமை எதுவும் இருக்கவில்லை. கொடுப்பவரின் மனமே தீர்ப்பாக இருந்தது.

இந்த நிலையை மாற்றியது 1954 ஜூன் 24 அன்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. உதவி தேவைப்படுபவர் அரசின் இரக்கத்துக்கு உரிய பொருள் அல்ல, உரிமை கோரக்கூடிய குடிமனிதர் என்று அது சொன்னது. 1962 இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி சமூக உதவிச் சட்டம் அந்த உரிமையை எழுத்தில் வைத்தது. 2010 பெப்ரவரி 9 அன்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. மனித கண்ணியத்தோடு வாழத் தேவையான குறைந்தபட்சம் அரசியலமைப்பே தரும் உரிமை என்றும், அதில் உணவும் உடையும் மட்டுமல்லாமல் சமூக வாழ்வில் பங்குபற்றுவதும் அடங்கும் என்றும் அது தீர்ப்பளித்தது. 2012 ஜூலை 18 அன்று அதே நீதிமன்றம் அகதிகளுக்கான உதவித்தொகை 1993 முதல் உயர்த்தப்படாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டி, அதுவும் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. அதாவது இந்த உரிமை ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

முதலாவது வகை: சட்டம் தரும் உரிமைகள்

'இந்த வருடம் காசு இல்லை' என்று கூறி நகரசபை இவற்றை மறுக்க முடியாது. நிபந்தனைகள் பொருந்தினால் கொடுத்தே ஆகவேண்டும்.

முதலில் முதியவர்களுக்கான 'குறுண்ட்சிஷருங்'. இது 2003 இல் தொடங்கியது. 2014 முதல் இதன் முழுச் செலவையும் கூட்டாட்சி அரசே ஏற்கிறது. 80களில் வந்து, வேலை அனுமதிக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, பிறகு உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்த எமது முதல் தலைமுறை இப்போது ஓய்வூதிய வயதை அடைந்திருக்கிறது. கட்டிய வருடங்களும் குறைவு, சம்பளமும் குறைவு என்பதால் பலருடைய ஓய்வூதியம் வாடகைக்கே போதாது. வாழ்க்கைச் செலவு, வாடகை, சூடாக்கும் செலவு ஆகியவற்றுக்குக் குறைகிற தொகையை இந்த உதவி நிரப்புகிறது. கட்டாய ஓய்வூதியக் காப்புறுதியில் 33 வருடங்களைப் பூர்த்தி செய்தவர்களுக்கு ஓய்வூதியத்தின் ஒரு பகுதி கணக்கில் எடுக்கப்படுவதில்லை.

இருந்தும் உரியவர்கள் கேட்பதில்லை. முதுமையில் இந்த உதவிக்கு உரித்துடையவர்களில் சுமார் 60 சதவீதத்தினர் அதைப் பெறுவதில்லை என்று பேர்லினில் உள்ள டி.ஐ.டபிள்யூ. பொருளாதார ஆய்வு நிறுவனம் 2019 இல் கணித்தது. ஜேர்மன் முதியவர்களையும் சேர்த்த கணக்கு இது. கூச்சம் எமக்கு மட்டும் சொந்தமானதல்ல.

எம்மவர் மத்தியில் இன்னொரு பயமும் உண்டு: 'நாங்கள் எடுத்தால் பிள்ளைகளிடம் திருப்பிக் கேட்பார்கள்.' ஒரு பிள்ளையின் ஆண்டு மொத்த வருமானம் ஒரு இலட்சம் யூரோவைத் தாண்டினால் மட்டுமே அந்தக் கேள்வி எழும். அதற்குக் கீழே சம்பாதிக்கும் பிள்ளையிடம் சோசியல் அம்ற் பணம் கேட்க முடியாது. ஒருவருக்கு 10,000 யூரோ வரை சேமிப்பு வைத்திருக்கவும் 2023 முதல் அனுமதி உண்டு.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஊரில் உள்ள காணி, வீடு, வங்கிக் கணக்கு ஆகியவற்றையும் படிவத்தில் எழுத வேண்டும். மறைத்தால் பின்னர் முழுப்பணத்தையும் திருப்பிக் கட்ட நேரிடலாம். தொடர்ந்து நான்கு வாரங்களுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால், திரும்பி வரும்வரை உதவி நிறுத்தப்படும். கோயில் திருவிழாவுக்கோ செத்தவீட்டுக்கோ ஊருக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ரிக்கெற் போட வேண்டும்.

இரண்டாவது, 'வோன்கெல்ட்' எனப்படும் வாடகை உதவி. வேலை செய்தும் வருமானம் போதாத குடும்பங்களுக்கும் சிறிய ஓய்வூதியம் பெறுபவர்களுக்கும் உரியது. செலவைக் கூட்டாட்சி அரசும் மாநிலமும் பாதிபாதியாக ஏற்கின்றன. விண்ணப்பத்தை ஏற்றுப் பரிசீலிப்பது நகரசபையின் வேலை. 2023 ஜனவரியில் வருமான எல்லை பெரிதாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன் சுமார் 6 இலட்சம் வீடுகளே இதைப் பெற்றன. 2023 இறுதியில் அந்த எண்ணிக்கை சுமார் 12 இலட்சமாக இருந்தது. 'முன்பு கேட்டோம், இல்லை என்றார்கள்' என்று இருப்பவர்கள் மீண்டும் விண்ணப்பித்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, பிள்ளைகளுக்கான 'பில்டுங் உண்ட் டைல்ஹாபே'. மேலே சொன்ன 2010 தீர்ப்பின் விளைவாக 2011 இல் வந்தது. ஜொப்சென்டர் உதவி, சமூக உதவி, அகதி உதவி, வோன்கெல்ட், பிள்ளைகளுக்கான மேலதிகக் கொடுப்பனவாகிய 'கிண்டர்சூஷ்லாக்' ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைப் பெறும் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு இது உண்டு. பாடசாலையிலும் கிண்டர்கார்டனிலும் மதிய உணவு இலவசம். வகுப்புச் சுற்றுலாவின் முழுச் செலவும் கிடைக்கும். பாடசாலைப் பொருட்களுக்கு வருடத்துக்கு 195 யூரோ. விளையாட்டுக் கழகம், சங்கீத வகுப்பு போன்றவற்றுக்கு 18 வயது வரை மாதம் 15 யூரோ. 2019 ஓகஸ்ட் முதல், வகுப்பில் நின்றுவிடும் ஆபத்து இல்லாவிட்டாலும் தேவை இருந்தால் ரியூசன் செலவும் கேட்கலாம். வோன்கெல்ட் அல்லது கிண்டர்சூஷ்லாக் பெறும் குடும்பங்கள் கிண்டர்கார்டன் கட்டணத்தில் இருந்தும் விலக்குக் கேட்கலாம்.

இந்தத் திட்டத்துக்குள்ளே நகரசபைகளின் மனக்குறை ஒன்றும் இருக்கிறது. சட்டம் போடுவது பேர்லின், வேலை செய்வது நாங்களா என்று நோட்றைன் வெஸ்ற்பாலன் மாநில நகரங்கள் சில வழக்குத் தொடுத்தன. 2020 ஜூலை 7 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், கூட்டாட்சி அரசு இப்படிப் புதிய வேலைகளை நேரடியாக நகரசபைகளின் தலையில் சுமத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. பிள்ளைகளின் உரிமை மாறவில்லை. ஆனால் நகரங்களின் பணநெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பதை அந்த வழக்கு காட்டியது.

இரண்டாவது வகை: நகரசபையின் விருப்பம்

'பிறைவில்லிகே லைஸ்ருங்கன்', அதாவது தன்விருப்பச் சேவைகள். நூல்நிலையம், நீச்சல் தடாகம், முதியோர் சந்திப்பிடம், சங்கங்களுக்கான மானியம், குறைந்த வருமானமுள்ளவர்களுக்கான நகர அட்டை போன்றவை இதில் அடங்கும். கொலோன் பாஸ், மியூனிக் பாஸ், பிராங்பேர்ட் பாஸ் என்று ஒவ்வொரு ஊரிலும் அட்டைக்கு ஒவ்வொரு பெயர். ஓரிடத்தில் கிடைக்கும் சலுகை பக்கத்து ஊரில் இல்லாமல் இருக்கலாம்.

இவற்றுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. நகர மன்றத்தின் வாக்கே பாதுகாப்பு. டோட்முண்ட் நகரம் 2008 இல் மாதம் 15 யூரோவுக்கு மலிவுப் பயணச்சீட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டு வருடங்களில் அதன் விலை இரட்டிப்பானது. பின்னர் 2023 டிசெம்பரில் நோட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலம், அப்போது 49 யூரோவாக இருந்த டொச்லாண்ட் ரிக்கெற்றைக் குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு 39 யூரோவுக்குக் கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு அந்த விலையும் ஏறியது.

நகரசபை எல்லாச் சேவைகளையும் தானே நடத்துவதில்லை. கரித்தாஸ், டியாக்கோனி, ஆவோ, செஞ்சிலுவைச் சங்கம், பரித்தேற்றிஷர், யூத நலன்புரி அமைப்பு ஆகிய ஆறு பெரிய அமைப்புகளும் சிறிய சங்கங்களும் மானியம் பெற்று நடத்துகின்றன. இந்த அமைப்புகளுக்கு முன்னிடம் கொடுக்கும் முறையை அரசியலமைப்பு நீதிமன்றம் 1967 இல் ஏற்றுக்கொண்டது. கடன் ஆலோசனை, பெண்கள் ஆலோசனை, படிவம் நிரப்ப உதவும் நிலையம் என்று நாம் போய் உட்காரும் பல அறைகளின் வாடகை இந்த மானியத்தில்தான் கட்டப்படுகிறது. பணவீக்கம் உச்சத்தில் இருந்த 2023 இல் நோட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலம் வறுமைக்கு எதிரான திட்டமாக 15 கோடி யூரோவை நகரங்களுக்குக் கொடுத்தது. அப்பணம் உணவு வழங்கும் 'டாஃபல்' நிலையங்களுக்கும் ஆலோசனை நிலையங்களுக்கும் பகிரப்பட்டது. அது அந்த ஒரு வருடத்துக்கான உதவி.

2024 இல் ஜேர்மன் நகரங்கள், கிராமங்கள், மாவட்டங்களின் மொத்தப் பற்றாக்குறை 2,480 கோடி யூரோ. அதுவரை காணாத தொகை. உரிமை வகையில் கைவைக்க முடியாததால், நகர மன்றம் முதலில் வெட்டுவது விருப்ப வகையைத்தான். ஒரு முதியோர் சந்திப்பிடம் மூடப்படும்போது எவருடைய சட்ட உரிமையும் மீறப்படுவதில்லை. அதனால் நீதிமன்றத்துக்குப் போகவும் வழியில்லை.

கேட்கும் முறை

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது இங்கே சட்டமும்கூட. குறுண்ட்சிஷருங்கும் வோன்கெல்டும் விண்ணப்பித்த மாதத்தின் முதலாம் திகதியில் இருந்துதான் கணக்கிடப்படும். கடந்துபோன மாதங்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது. எனவே எல்லாப் பத்திரங்களும் சேரும்வரை காத்திருக்காமல், 'விண்ணப்பிக்கிறேன்' என்று ஒரு சிறிய கடிதத்தை ஒப்பத்தோடு உடனே கொடுத்துவிட வேண்டும். தவறான அலுவலகத்தில் கொடுத்தாலும் அவர்கள் அதை உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். முதலில் கொடுத்த திகதியே கணக்கில் எடுக்கப்படும். ஓய்வூதியம் குறைவாக இருந்தால், ஓய்வூதியக் கடிதத்தோடு குறுண்ட்சிஷருங் படிவமும் வரும். அதை வீசிவிட வேண்டாம்.

மறுப்புக் கடிதம் வந்தால் ஒரு மாதத்துக்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எப்படி, எங்கே என்பது கடிதத்தின் இறுதியில் எழுதப்பட்டிருக்கும். வருமானம் குறைந்தவர்கள் உள்ளூர் அம்ற்ஸ்கெறிஹ்ட் நீதிமன்றத்தில் சட்ட ஆலோசனைக்கான சான்றிதழ் கேட்கலாம். அதைக் கொண்டு போனால் வழக்கறிஞர் 15 யூரோவுக்கு மேல் கேட்க முடியாது.

வதிவிட அனுமதி பற்றிய பயத்துக்கும் ஆதாரம் உண்டு. நிரந்தர வதிவிடம், குடும்ப இணைவு, குடியுரிமை ஆகியவற்றில் ஜொப்சென்டர் பணமும் சமூக உதவியும் பாதிப்பை ஏற்படுத்தலாம். குடியுரிமைச் சட்டம் பார்ப்பது இந்த இரண்டு வகைப் பணத்தைத்தான். வோன்கெல்டும் கிண்டர்சூஷ்லாக்கும் அதில் இல்லை. இப்படியான விண்ணப்பம் ஒன்று நடந்துகொண்டிருந்தால், மேலே சொன்ன அமைப்புகள் நடத்தும் இலவசக் குடிவரவு ஆலோசனை நிலையத்தில் முதலில் கேட்டுவிட்டுச் செய்வதே புத்தி.

எமது சங்கங்களுக்கு

தமிழ்ப் பாடசாலைகளையும் முதியோர் ஒன்றுகூடல்களையும் பெற்றோரின் பணத்திலும் கடைக்காரரின் விளம்பரத்திலும் நடத்தியே பழகிவிட்டோம். ஆனால் முதியவர்களுக்குத் தமிழில் படிவம் விளக்கும் ஒரு வாராந்தச் சந்திப்பு நகரசபையின் மானியத்துக்குத் தகுதியான வேலைதான். பதிவு செய்யப்பட்ட சங்கமாக இருக்க வேண்டும். பதிவுக்கு ஏழு உறுப்பினர்கள் தேவை. வரித் திணைக்களத்தின் பொதுநலச் சான்றிதழ் வேண்டும். செலவுத் திட்டத்தில் எமது பங்கையும் காட்ட வேண்டும். ஒப்புதல் கடிதம் வருமுன் வேலையைத் தொடங்கக் கூடாது. முடிந்ததும் ஒவ்வொரு பற்றுச்சீட்டோடும் கணக்குக் காட்ட வேண்டும். நோட்றைன் வெஸ்ற்பாலனில் இருப்பவர்கள் முதலில் கதைக்க வேண்டிய இடம் அந்தந்த நகரின் அல்லது மாவட்டத்தின் ஒருங்கிணைப்பு மையம்.

விருப்ப வகை உதவிகளைத் தீர்மானிக்கும் நகர மன்றத்துக்கு வாக்களிக்க இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அதே மாநிலத்தில் ஒருங்கிணைப்புக்கான நகரசபைக் குழுவுக்கு அவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் வாக்களிக்கலாம், போட்டியிடவும் செய்யலாம். நகரத்தின் எந்த விடயத்தையும் அது எடுத்துப் பேசலாம். குடியுரிமை பெற்ற எமது பிள்ளைகளுக்கோ இரண்டு வாக்குகளும் உண்டு.

உரிமை வகைக்கு ஒரு விண்ணப்பமும் ஒரு ஒப்பமும் போதும், தனி ஒருவரால் செய்ய முடியும். விருப்ப வகைக்கு ஆட்கள் தேவை. வரவு செலவுத் திட்டம் விவாதிக்கப்படும் நகர மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. எமது முதியவர்கள் போய் உட்காரும் அறை அடுத்த வருடமும் திறந்திருக்க வேண்டும் என்றால், அந்தக் கூட்டத்தின் பார்வையாளர் வரிசையில் எம்மவர் சிலரும் இருக்க வேண்டும்.