சட்டாம்பிள்ளையும் கணினி வகுப்பும்

பல்கலைக்கழகத்தில் கணினி நிரல் எழுதத் தொடங்கும் மாணவர் இருவரை ஒரே கணினிமுன் அமர்த்திக் கற்பிக்கும் முறை இந்நூற்றாண்டில் பரவியது. ஒருவர் எழுதுவார், மற்றவர் பிழை நோக்குவார், சிறிது நேரத்தில் இருவரும் இடம் மாறுவர். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரி வில்லியம்சு என்னும் பேராசிரியை இதனை ஆராய்ந்தார்.

மாணவர்க்கு மாணவரே துணையாதல் நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பித்தான். சென்னை எழும்பூரில் படைவீரர் மக்களுக்கான ஆதரவில்லப் பள்ளியை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டார். அதனைத் தம் பள்ளியிற் புகுத்தி, மாணவரையே ஆசிரியராக்கினார். அவர்தம் நூல் 1797இல் இலண்டனில் வெளிவந்தது. 'சென்னை முறை' என்னும் பெயரால் அஃது இங்கிலாந்தில் பரவிற்று.

மாணவர் குறைந்து, இரு வகுப்புகளை ஒன்றாக நடத்தும் பேராக் தோட்டப் பள்ளி ஆசிரியர் இதன் பயனை அறிவர்.

எனினும் வேறுபாடு ஒன்று உண்டு. சட்டாம்பிள்ளைப் பதவி ஒருவனுக்கே உரியது. ஏனையோர் கேட்போராகவே இருந்தனர். கணினி வகுப்பிலோ இருவரும் முறை மாறுகின்றனர். பிறர்க்குச் சொல்லும்போதன்றோ நமக்கே பொருள் தெளிகின்றது? பின்வரிசையில் வாய்திறவாத பிள்ளைக்கும் அம்முறை வருதல் வேண்டும்.