காட்டுக்குள் ஓர் சமுதாயம்

அடிமைகள் ஏன் ஓடினார்கள்? சவுக்கடி தாங்காமல் ஓடினார்கள் என்பது எளிதான விடை. அது பொய்யன்று, ஆயின் போதுமானதுமன்று.

தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள சூரினாமை 1667இல் ஒல்லாந்தர் ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினர். கொழும்பும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்கு வந்து ஏறக்குறையப் பத்தாண்டு கழிந்த காலம் அது. ஆற்றோரச் சதுப்பு நிலத்தை அணைகட்டி, வாய்க்கால் வெட்டிக் கரும்புத் தோட்டமாக்கினர். அந்தக் கனத்த களிமண்ணை மண்வெட்டியால் வெட்டியெடுத்தோர் ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளே. கரும்பாலைகள் பல கடற்பெருக்கின் வலுவினாற் சுழன்றன. எனவே பூரணையும் அமாவாசையும் வந்தால் இரவு பகலென்றில்லை. பெருக்கு உள்ளவரை ஆலை ஓடவேண்டும். உருளையில் அகப்பட்ட கை வெட்டப்பட்டது. ஓடிப் பிடிபட்டவனின் கால் வெட்டப்பட்டது. வோல்ற்றேயர் 1759இல் வெளியிட்ட 'கண்டீட்' நவீனத்திலே கையும் காலும் இவ்வாறு இழந்த சூரினாம் அடிமையொருவன் வருகின்றான்.

இத்தனையும் அறிந்தே ஓடினர். 1757இல் தெம்பாத்தி ஓடைப் பகுதியிலே கிளர்ந்தெழுந்தோர் மரந்தறிக்கும் தோட்டத்தார். கரும்புத் தோட்டத்தோடு ஒப்பிடின் அங்கே கண்காணிப்புக் குறைவு. அவர்களைக் கரும்புத் தோட்டத்துக்கு மாற்ற முனைந்தபோதே கலகம் மூண்டது. சிறிதளவேனும் தமதாக்கிக்கொண்ட வாழ்வை இழக்க மறுத்தவர்கள் காட்டுக்குட் சென்று ஜூக்கா மக்களோடு சேர்ந்தனர்.

காட்டில் உயிர்தப்புதல் ஒன்று, சமுதாயமாதல் வேறொன்று. பல மொழி பேசிய ஆபிரிக்கர், ஆங்கில, போர்த்துக்கேயச் சொற்களையும் கலந்து புதுமொழி படைத்தனர். சரமாக்கா மக்களின் குலங்கள் தாய்வழி வந்தவை. அவற்றுட் சில, முன்னோர் தப்பிவந்த தோட்டத்தின் அல்லது தோட்ட உடைமையாளனின் பெயரையே தாங்குகின்றன! ஒரே தோட்டத்திற் பட்ட துன்பமே இரத்த உறவாயிற்று. பெண்கள் கூந்தலுக்குள் நெல்மணிகளை ஒளித்துக் கொண்டுவந்தனர் என்பது அவர்களின் வாய்மொழி மரபு. அந்தப் பாட்டிமாரின் பெயராலேயே சில நெல்லினங்கள் இன்றும் அழைக்கப்படுகின்றன. முதற்காலத்து வரலாற்றை முதியவர்கள் சேவல் கூவும் வேளையில், நம்பத்தக்க இளையோருக்கு மட்டும் சிறிது சிறிதாகச் சொல்வர். பகைவன் மீண்டும் வரலாம் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

வெல்லவியலாத ஒல்லாந்தர் 1760இல் ஜூக்காவினரோடும் 1762இல் சரமாக்காவினரோடும் உடன்படிக்கை செய்தனர். சுதந்திரம் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் அதில் ஒரு நஞ்சும் கலந்திருந்தது: இனி ஓடிவருவோரைப் பிடித்து ஒப்படைக்கவேண்டும். ஒப்படைத்தோரும் உண்டு, மறைத்துக் காத்தோரும் உண்டு. ஒல்லாந்தரை எதிர்த்து நெடுங்காலம் போராடிய போனி, 1793இல் ஜூக்காவினராலேயே கொல்லப்பட்டான். விடுதலை வரலாறுகளை எழுதுவோர் இப்பக்கத்தைப் புரட்டிவிட்டுச் செல்வது முறையன்று. அடக்கப்பட்டோரைக் கொண்டே அடக்கப்பட்டோரைக் காவல்செய்விப்பது ஆள்வோரின் பழைய தந்திரம்.

தோட்டங்களில் எஞ்சியோருக்கு 1863 யூலை 1ஆந் திகதியே விடுதலை கிடைத்தது. தலைக்கு 300 கில்டர் நட்டஈடும் வழங்கப்பட்டது, அடிமைக்கன்று, உடைமையாளனுக்கு. விடுதலை பெற்றோரிற் பெரும்பாலோர் மேலும் பத்தாண்டு அரச கண்காணிப்பில் உழைக்கவேண்டியிருந்தது.

படைகளால் அசைக்க முடியாத சரமாக்காக் கிராமங்களை 1960களில் நீர் அசைத்தது. அலுமினிய உற்பத்திக்கு மின்சாரம் வேண்டி அபோபாக்காவிற் கட்டப்பட்ட அணை, ஏறத்தாழ 6,000 பேரை ஊர்பெயர்த்தது. பின்னர் மரமும் பொன்னும் தேடிக் கம்பனிகள் வந்தன. சரமாக்காவினர் வழக்குத் தொடுத்தனர். 2007 நவம்பரில் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம், அந்நிலம் அவர்களுக்குக் கூட்டாக உரியதெனத் தீர்ப்பளித்தது.